வெங்கடப்பன் பேரில் ஒரு டப்பா கேப்பு

பவுலினாவுக்கு ஏன் கோபம் வருகிறது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் வராமல் இருந்தால்தான், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். கெலவரப்பள்ளி வாய்க்காலில் வெள்ளை வெள்ளையாய் நுரை மிதந்து வந்தால் கோபம். கம்பெனி பஸ் அவள் வரப்போரம் நின்று ஹாரன் அடித்தால் கோபம். சர்ச்சில் பூசையின்போது சாமியார் பிரசங்கத்தை இழுத்தால், வீட்டில் களிக்கு உலை வைத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று அதற்கும் கோபம். ஊரில் அவளுக்கு வேட்டு பவுலினா என்று பெயர். பாதி வாயால் வந்த பெயர், பாதி துப்பாக்கியால் வந்தது.

துப்பாக்கி என்றதும் சினிமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் மாமனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி அது. குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டிக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். பிறகு பின்பக்கத்து முனையில் மூக்குத்தி அளவுக்கு ஒரு செம்புத் தொப்பியை மாட்ட வேண்டும். அதைத்தான் கேப்பு என்பார்கள். விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தி வந்து அதன் தலையில் அடிக்கும், பொறி பறக்கும், மருந்து வெடிக்கும், ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். கேப்பு இல்லையென்றால் அந்தத் துப்பாக்கிக்கும் வீட்டில் இருக்கும் உலக்கைக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. உலக்கையாலாவது எதையாவது இடிக்கலாம்.

பயிர்க் காவலுக்கென்று சர்க்கார் கொடுத்த லைசென்ஸ். பவுலினா குண்டு போட்டுச் சுட்டதே இல்லை. பன்றியைக் கொன்றால் வழக்கு, வாய்தா என்று அலைய வேண்டும், அது யாருக்கு வேண்டும்? வெறும் மருந்துதான், சத்தம்தான் வேலை. ராகி பால் பிடிக்கிற பருவத்தில் சாயங்காலமானால் கரட்டிலிருந்து காட்டுப் பன்றிகள் குட்டியும் குடும்பமுமாக இறங்கும். ஒரு வேட்டுப் போட்டால் வந்த வழியே ஏறிப் போய்விடும். போடாவிட்டால் விடிந்ததும் வயலில் போய் நின்று வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

புருஷன் சின்னப்பன் போய்ச் சேர்ந்தது ஜூஜுவாடி பக்கத்து ஹைவேயில். கொத்தமல்லிக் கட்டை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினான், லாரி அடித்தது. கருமாதி முடிந்த கையோடு பவுலினா லைசென்சைத் தன் பேருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் போய் நின்றாள். பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி, ஸ்டேஷனில் ஒப்படைச்சிட்டுப் போ என்றார்கள். அன்றைக்கு அவள் கேட்டதை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

“பன்னி ஆம்பளை வயலைத்தான் திங்கும்னு எங்கயாவது சட்டத்துல எழுதியிருக்குதா சார்?”

நடையாய் நடந்து கடைசியில் வாங்கிவிட்டாள். சுடவும் கற்றுக்கொண்டாள். முதல் வேட்டில் தோள்பட்டை வீங்கி ஒரு வாரம் கை தூக்க முடியவில்லை. அதற்கும் துப்பாக்கியைத்தான் திட்டினாள்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சந்தித்துக்கொள்வது தேர்தலுக்குத்தான். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், எல்லாம் முடிந்து திருப்பித் தரும்வரை வயல் காவலில்லாமல் கிடக்கும். பன்றிக்கு ஓட்டும் கிடையாது, நன்னடத்தை விதியும் கிடையாது, அது பாட்டுக்கு இறங்கித் தின்னும். இப்படி ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியை அணைத்துக்கொண்டு நின்ற வரிசையில்தான் பவுலினாவுக்கு வெங்கடப்பன் பழக்கம். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் அவர் நிலம், இந்தக் கரையில் அவள் நிலம். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியில் தமிழ், மாட்டைத் திட்டுவது மட்டும் கன்னடத்தில். அதிர்ந்து பேசாத மனுஷன். அண்ணா என்றுதான் பவுலினா கூப்பிடுவாள், அவர் பவுலினாம்மா என்பார்.

கேப்பு வாங்கக் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும். ஒரு டப்பா வாங்கினால் ஒரு ஆளுக்கு வருஷக் கணக்கில் தீராது. அதற்காக ஒவ்வொருவரும் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏறுவானேன்? வெங்கடப்பனிடம் மொபெட் இருந்தது. அவர் போவார், தன் லைசென்சில் ஒரு டப்பா வாங்குவார், கடைக்காரன் கோபி அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவான். ஊருக்கு வந்ததும் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் காப்பித்தூள் வாங்குகிற மாதிரி. இது சட்டப்படி குற்றம் என்று அவர்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும், இதெல்லாம் ஒரு குற்றமா என்று பவுலினா காறித் துப்பியிருப்பாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கேப்பு வருவது நின்றது. ஏன் நின்றது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. கோபியைக் கேட்டால், மேலிருந்து லோடு வரவில்லை என்பான். எந்த மேலிருந்து என்று கேட்டால் கையை விரிப்பான். ஜூஜுவாடியைத் தாண்டிக் கர்நாடகாவுக்குள் போனால் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பவுலினா பஸ் மாறி மாறி பெங்களூர் வரை போய்ப் பார்த்தாள். உன் லைசென்ஸ் உங்கள் ஊருக்குத்தான் செல்லும், செல்லுபடியானாலும் கொடுக்கச் சரக்கு இல்லை என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினான் அந்தக் கடைக்காரன். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவள் முணுமுணுத்த வசவில் பக்கத்து சீட்டுக்காரப் பெண் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ராயக்கோட்டை பக்கத்தில் மதுரைவீரன் என்று ஒரு துப்பாக்கிக்காரன் தீபாவளிக் கேப்பை வைத்து ஏதோ பண்ணிப் பார்த்து, புருவமும் போய், ஒரு கண்ணும் மங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்க்கப் போன பவுலினா பழத்தை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, அறிவு கெட்டவனே என்று ஆரம்பித்தவள் நர்ஸ் வந்து வெளியே அனுப்பும்வரை நிறுத்தவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதாள். அவன் மேல் கோபமில்லை. ஒரு தம்மாத்துண்டுச் செம்புத் தகடு, அதைச் செய்து கொடுக்க முடியவில்லையா இந்த நாட்டில்? ஓசூரில் வண்டி செய்கிறார்கள், கடிகாரம் செய்கிறார்கள், ஏரோப்பிளேனுக்கு சாமான் செய்கிறார்கள்!

இருந்த கேப்பைச் சிக்கனமாகப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. அப்புறம் பவுலினா எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். ஒரு வாரம் பன்றிகள் பயந்தன. அதற்கப்புறம் தட்டுச் சத்தம் அவற்றுக்குப் பழகிவிட்டது. அவள் இந்தக் கோடியில் தட்ட, அவை அந்தக் கோடியில் மேயும். அடுத்தடுத்து இரண்டு வெள்ளாமை இப்படியே போனது.

மகன் ரோஷன் மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தான். கம்பெனியில் ஷிப்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து அம்மாவைப் பார்ப்பான். நல்ல பையன்தான். ஆனால் லாரி நிறுத்த யார்டு போடுகிற ஒருவன் அவனைப் பிடித்துவிட்டான். உங்கள் நிலம் ஹைவேக்குப் பக்கம், நல்ல விலை தருகிறேன், அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல் என்று. ரோஷன் வந்து, பன்னிக்குச் சோறு போடறதுக்கா இந்த வயசுல இப்படிப் பாடுபடறே என்று கேட்டான். பாசத்தில் கேட்டதுதான். பவுலினாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கடுப்பில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“இந்த வருசம் என் ராகி அறுத்துக் கதிர் அடிக்கறதுக்கு வரலைன்னா நீ நீட்டற எடத்துல கையெழுத்து போடறேன். வந்துச்சுன்னா அந்த யார்டுக்காரன் பேச்ச என் காதுல போடக் கூடாது.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்ன சொல்லை மாற்றிப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அது அவளைவிட ரோஷனுக்கு நன்றாகத் தெரியும்.

விதைத்தாள். மழையும் குறை வைக்கவில்லை, ராகி பார்க்கிறவர் கண் படுகிற மாதிரி வந்தது. கதிர் வரும் நேரத்தில் லைசென்சைப் புதுப்பிக்க விசாரணைக்கு வரச் சொல்லிக் கலெக்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுக்கும் வெங்கடப்பனுக்கும் ஒரே நாள். கேப்பு இல்லாவிட்டால் என்ன, என்றைக்காவது வரத்தானே போகிறது, துப்பாக்கி கையில் இருக்கட்டும் என்று இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

உள்ளே பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் பவுலினாவைக் கூப்பிட்டார்கள். அதிகாரி அவள் லைசென்சைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், முகம் சுருங்கியது.

“ஏம்மா, நீ ஒரு கேப்புகூட வாங்கினதா இதுல இல்லையே.”

கடைக்கே வரவில்லை சார் என்றாள்.

“அது இப்பத்தானே வரலை? அதுக்கு முன்னாடி நல்லாக் கிடைச்சுதே, அப்பவும் வாங்கலை. உன் பேருக்கு மாத்தினதுலேர்ந்து வெள்ளையாவே இருக்குது. கேப்பில்லாம எப்படிச் சுட்டே?”

பவுலினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு வருஷமும் வாங்கியதெல்லாம் வெங்கடப்பன் பேரில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவள் சுட்டதற்கு நியாயம் கிடைக்கும், ஆனால் டப்பாவைப் பங்கு போட்டுக் கொடுத்த வெங்கடப்பனின் துப்பாக்கி அந்த நிமிஷமே போகும். வழக்கு வேறு வரும். அந்த வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருத்தனும் மாட்டுவான். அவள் திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். வெங்கடப்பன் தலையைக் குனிந்து துண்டு நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். மனுஷன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். ஒரு செருமல், ஒரு இருமல், ஏதாவது. ஊகூம்.

வாய்வரை வந்ததை விழுங்கினாள் பவுலினா. பிறந்ததிலிருந்து எதையும் விழுங்கிப் பழகாத வாய் அது.

“சுடல சார்,” என்றாள். “சும்மா தூக்கிக் காட்டுவேன். கூடவே கத்துவேன். ஓடிப் போயிரும்.”

பக்கத்து மேசைக்காரர் களுக்கென்று சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப உன் வாயே போதும்மா. துப்பாக்கி எதுக்கு? தேவையில்லாதவங்க கையில ஆயுதம் இருக்கக் கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்க. ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரு.”

அவர் குரலில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அடுத்து வெங்கடப்பன் முறை. ஒழுங்காக வாங்கியிருக்கிறார், ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார், கடைக்கு வராமல் போனதிலிருந்துதான் வாங்கவில்லை என்று சொல்லி அப்போதே புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் வெங்கடப்பன் டீ வாங்கி நீட்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “தப்பிச்சோம் பவுலினாம்மா,” என்றார்.

தப்பித்தோமாம்! யார் தப்பித்தது? பவுலினா அந்த டீயை வாங்கவில்லை. அவர் கையிலேயே அது ஆறியது. வீட்டுக்கு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள்.

துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, சின்னப்பனின் பழைய வேட்டியில் சுற்றி, ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை வாங்கிய போலீஸ்காரர் இதில் வெடிக்குமா என்று கேட்டார். கேப்பு இருந்தால் காட்டுவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

இதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே பற்றிக்கொண்டு வரும். துப்பாக்கியை ஒப்படைத்த சூடு ஆறுவதற்குள் கிருஷ்ணகிரியிலிருந்து கோபி போன் பண்ணினான். அக்கா, நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, லோடு வந்திருச்சு, இந்தத் தடவை கொஞ்சம்தான் வந்திருக்குது, லைசென்ஸ எடுத்துக்கிட்டு உடனே வாங்க என்று பெரிய உபகாரம் பண்ணுகிற குரலில் சொன்னான்.  அதையெல்லாம் நீயே உன் தலையில் கொட்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் பவுலினா போனைச் சாக்கு மேல் விட்டெறிந்தாள். ஒன்றும் தெரியாத கோபி, அக்காவுக்கு என்ன ஆச்சு என்று வெங்கடப்பனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். வெங்கடப்பன் கிளம்பிப் போய்த் தன் பங்குக்கு ஒரு டப்பா வாங்கிவந்தார்.

அன்று சாயங்காலம் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் வேட்டுச் சத்தம் கேட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் கேட்ட சத்தம். தன்னை அறியாமல் பவுலினாவுக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. மறு நிமிஷம் ராகிக்குள் சலசலவென்று ஒரு ஓட்டம். அந்தப் பக்கம் வேட்டுக்கு மிரண்ட பன்றிகள் வேட்டு இல்லாத பக்கத்துக்கு வந்துவிட்டன. வாய்க்கால் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை, தாண்டுவதற்கு அவற்றுக்கு என்ன? முன்பு இருவரும் இரண்டு பக்கமும் சுடுவார்கள், கரட்டைத் தவிர அவற்றுக்குப் போக்கிடம் இருக்காது. இப்போது வெங்கடப்பன் ஒவ்வொரு வேட்டுக்கும் கூட்டத்தைக் கூட்டி அனுப்புகிற மாதிரி ஆகிவிட்டது. பவுலினா தட்டு நெளியும்வரை தட்டினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். விடிந்து பார்த்தால் கீழ்க்கோடி பூராவும் மிதித்துத் துவைத்துக் கிடந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் காலையில், தலையைக்கூட வாராமல் வாய்க்காலைத் தாண்டி வெங்கடப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து வைத்தாள். பவுலினா அதைத் தொடவில்லை.

நீங்கள் சுட்டால் பன்றி என் வயலுக்கு வருகிறது, சாயங்காலம் என் பக்கத்திலும் வந்து ஒரு வேட்டுப் போடுங்கள் அண்ணா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

வெங்கடப்பன் துணியை மடித்தார், பிரித்தார். “லைசென்ஸ்ல என் சர்வே நம்பர்தான் போட்டிருக்குதும்மா. உன் நெலத்துல நின்னு சுட்டா யாராவது ஸ்டேஷனுக்கு எழுதிப் போட்டுருவாங்க. ரூல் அப்படி இல்லியே.”

ரூல்! பவுலினாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. அத்தனை வருஷமாக வாங்க போங்க என்று பேசிய வாய் அன்றைக்கு மாறியது.

“அன்னிக்கு பெஞ்சுல உக்காந்திருந்தியே, அப்ப ரூல் எங்க போச்சு? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த நான் சொல்லியிருந்தா இப்ப நீ தொடைக்கறதுக்குத் துப்பாக்கி இருந்திருக்குமா? உன்னைக் காப்பாத்தினேன்னு என் வயலைத் திங்க அனுப்பறியா?”

அவர் மறுபடி துணியைப் பிரித்தார். சம்சாரம் தெலுங்கில் ஏதோ கேட்டாள், அவர் குனிந்த தலை நிமிராமல் குழாயைத் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்கப் பார்க்க பவுலினாவுக்கு இன்னும் எரிந்தது. திருப்பி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். நல்லா இரு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அந்தக் கரையில் வேட்டு கேட்கவில்லை. பவுலினா நெளிந்த தட்டோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி ஷிப்டு பஸ்கள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. வெளிச்சம் இருக்கும்போதே வாய்க்கால் கரையேறி ஒரு ஆள் வந்தது. சாக்கில் சுற்றிய ஏதோ தோளில். வெங்கடப்பன். அவள் பக்கத்து வரப்பில், அவள் சர்வே நம்பரில் வந்து நின்றார். அவளைப் பார்க்காமலேயே சாக்கைப் பிரித்தார், மருந்து கெட்டித்தார், இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு கேப்பை மாட்டினார். ரோட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வெளியில் தெரிந்தால் போவது லைசென்ஸ் மட்டுமில்லை என்று அவருக்குத் தெரியும்.

பன்றிகள் இறங்கின. அவர் போட்டார். அப்பா, என்ன சத்தம்! பவுலினாவின் நெஞ்சுக்குள்ளேயே வெடித்த மாதிரி இருந்தது. கூட்டம் அப்படியே திரும்பி, வாய்க்காலில் விழுந்து ஏறி, நேராக வெங்கடப்பனின் ராகிக்குள் போனது. அங்கே சுட ஆள் இல்லையே, துப்பாக்கிதான் இங்கே அல்லவா நிற்கிறது! அவர் வயலில் கதிர்கள் ஆடிச் சாய்வது இந்தக் கரையிலிருந்தே தெரிந்தது.

பவுலினா அசையவில்லை. பொய் சொல்வானேன், அவளுக்கு ஒரு திருப்தி. போகட்டும், இவருக்கும் தெரியட்டும் என்றுதான் நின்றாள். வெங்கடப்பன் தன் வயலைப் பார்த்தார். பிறகு குனிந்து, மறுபடி மருந்தைக் கொட்டிக் கெட்டிக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் ஓடவுமில்லை, அவளை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கம்பி ஏறி இறங்கியது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அவ்வளவுதான், பவுலினாவுக்கு வெடித்துவிட்டது.

“ஏன்யா, கேக்கறதுக்குக்கூட வாயில்லையா உனக்கு? அன்னிக்கும் தொறக்கல, உன் ராகி போவுது, இன்னிக்கும் தொறக்கல. என்னா மனுசன்யா நீ!”

“நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன்னக் கேக்கறது பவுலினாம்மா,” என்றார் அவர்.

அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு, சேலையை வாரிச் செருகி, வாய்க்காலில் இறங்கி, நுரையைக் காலால் உதைத்துக்கொண்டு அந்தக் கரை ஏறிவிட்டாள். வெங்கடப்பனின் வயலில் நின்று அவள் அன்றைக்குப் போட்ட கத்தல் இருக்கிறதே! பன்றியைத் திட்டினாள், அதிகாரியைத் திட்டினாள், கோபியைத் திட்டினாள், சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போன சின்னப்பனைத் திட்டினாள். அன்றைக்கு அதிகாரி முன்னால் நின்று விழுங்கியதெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. பன்றிகள் மிரண்டு திரும்ப, இந்தக் கரையில் இரண்டாவது வேட்டு விழுந்தது. கூட்டம் கரட்டைப் பார்த்து ஏறி ஓடியது.

அன்றிலிருந்து அறுப்பு வரைக்கும் அதே ஏற்பாடு. ஒரு நாளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அவர் துப்பாக்கியோடு இந்தக் கரைக்கு வருவார், அவள் தட்டோடு அந்தக் கரைக்குப் போவாள். நடுவில் எதிர்ப்பட்டால் பவுலினா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மன்னித்துவிட்டாள் என்றெல்லாம் யாரும் எழுதிவிட வேண்டாம். அவளிடம் கேட்டால் இன்றைக்கும், அந்த ஆளா, பெஞ்சுல குனிஞ்ச தல இன்னும் நிமிரல என்றுதான் சொல்வாள். ஆனால் அவர் துப்பாக்கியோடு தன் வரப்பில் நிற்பதை எவனாவது பார்த்து ஏதாவது கேட்டால், எவன் நின்றான், நீ பார்த்தாயா, உன் கண்ணில் பூ விழுந்திருக்கிறதா என்று அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

கீழ்க்கோடி போனது போனதுதான். மீதியை அறுத்தாள். கதிரை அடிக்க அந்தப் பக்கத்தில் இப்போதெல்லாம் களம் யாரும் தேடுவதில்லை, தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கும். பவுலினாவும் ஊருக்குள் வருகிற ரோட்டை அடைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பரப்பினாள். பரப்பிவிட்டு நெளிந்த தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. ரோஷன் பைக்கில் வந்தான். தோளில் பை, பைக்குள் யார்டுக்காரன் கொடுத்த பத்திரம். காய்ந்துபோன ராகித் தாளும் கதிரும் ரோடு முழுக்கக் கிடப்பதைப் பார்த்து ஓரமாக நிறுத்தினான். சுற்றிப் போக வழியில்லை.

“ஏன்டா நிக்கறே?” என்றாள் பவுலினா. “அது மேலயே ஓட்டு.”

அவன் பையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, மெதுவாகக் கதிர்கள் மேல் ஏறி, சறுக்காமல் காலை ஊன்றி ஊன்றி இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தான். பையைத் திறக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்.

“பத்தலை,” என்றாள் அவள். “திரும்பிப் போய் இன்னொரு தரம் ஓட்டிட்டு வா.”